ஹார்மோன் சமநிலை என்றால் என்ன? தூக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஹார்மோன் என்பது சுரப்பிகள் ரத்தத்தில் அனுப்பும் ரசாயனச் சேதி. அளவு மாறாமல் நிற்பதல்ல சமநிலை. நேரத்துக்கும் தேவைக்கும் தக்கபடி ஏறி இறங்குவது. உடலை விழிப்பாக வைக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடங்கிவிடும்.

கிருஷ்ணகிரி அணையில் தென்பெண்ணை வரத்து கூடினால் ஷட்டரைத் தூக்குவார்கள், குறைந்தால் இறக்குவார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியும் அப்படித்தான். தைராய்டு ஹார்மோன் குறைந்தால், தைராய்டைச் சுரக்கச் சொல்லும் டி.எஸ்.எச். என்ற தன் ஹார்மோனைக் கூட்டி விரட்டும், நிறைந்தால் குறைத்துவிடும்.

ஒன்று ஆடினால் மற்றதும் ஆடும். ஓசூரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்குத் தூக்கம் கெட்டால் கார்டிசால் நேரம் தப்பும், இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்காது, பசியும் கூடும். அதனால்தான் ஹார்மோன் கோளாறுக்கு டாக்டர்கள் மாத்திரையோடு தூக்கம், நடை, சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அப்புறம், ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தைராய்டு மந்தமாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.