டி-ஷர்ட் சதுரங்கள் இழுபட்டு நெளிவதற்கு

அப்பாவின் டி-ஷர்ட்டுகளும் சட்டைகளும் சேர்ந்த போர்வையில் டி-ஷர்ட் சதுரங்கள் மட்டும் நெளிகின்றன என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தையலில் குறையில்லை. டி-ஷர்ட் பின்னல் துணி. தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தும் பற்கள் இழுக்க இழுக்க அது நீளும். சட்டைத் துணி நீளாது.

வெட்டியதை வீசிவிடாதீர்கள். தையலை மெதுவாகப் பிரித்து, துண்டுகளைச் சமதளத்தில் பரப்பி, இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் மேலே பிடித்து ஆவி காட்டுங்கள். பெரும்பாலும் பழைய வடிவுக்குச் சுருங்கும். ஆறியதும் பின்பக்கம் மெல்லிய ஃபியூசிங் துணியை (சூட்டில் ஒட்டும் பசையுள்ள துணி) ஒட்டுங்கள். பெட்டியைத் தேய்க்காமல், ஓரிடத்தில் 10 முதல் 15 விநாடி அழுத்தி, தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்தால் நீண்ட நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். முன்பக்க அச்சுப்படத்தில் சூடு நேரடியாகப் படவே கூடாது, உருகிவிடும்.

ஒட்டிய பிறகுதான் கடைசி அளவுக்கு வெட்ட வேண்டும். இருப்பதில் சிறிய துண்டு 11 அங்குலம் என்றால் சட்டைத் துண்டுகளையும் 11 ஆக்குங்கள். முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி 14ஆம் நம்பர், தையல் நீளம் 3 மில்லிமீட்டர், ஓரம் அரை அங்குலம்.

இன்னும் துவைக்காத சட்டை ஏதாவது இருந்தால், அதை மட்டும் வெட்டாமல் எடுத்து வையுங்கள். அதிலுள்ள அப்பாவின் வாசனை ஒரு துவைப்பில் போய்விடும்.