தோட்டக்காரனும் திருடனும் கூட்டு சேர்ந்தால்

கேள்வி: எங்கள் பிளாட்டுக்குப் பெயின்ட் அடிக்க மூன்று கொட்டேஷன் வந்தது. மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து, "இது கொலூஷன்" என்றார். பக்கத்தில் இருந்தவர் அதற்கு 'மோதல்' என்று அர்த்தம் சொன்னார். எது சரி? அம்மாவின் பிறந்தநாளுக்குத் தங்கையோடு ரகசியமாக ஏற்பாடு செய்தேனே, அதுவும் கொலூஷனா?
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அக்கா சொன்னதுதான் சரி. ஆங்கிலத்தில் மோதல் என்பது கொலிஷன் (collision), அதில் 'லி' குறில். கொலூஷனில் (collusion) 'லூ' என்று நீட்ட வேண்டும். லத்தீனில் 'சேர்ந்து விளையாடுவது' என்பதிலிருந்து வந்த சொல் இது.

'சதி' என்று மட்டும் தமிழில் எழுதினால் பாதிதான் வரும். யார் வேண்டுமானாலும் சதி செய்யலாம், ஆனால் எதிரெதிராக நிற்க வேண்டியவர்கள், வெளியே அப்படியே காட்டிக்கொண்டு உள்ளுக்குள் கைகோத்தால்தான் அது கொலூஷன். கள்ளனும் தோட்டக்காரனும் கூட்டானால் விடியுமட்டும் திருடலாம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதேதான். கள்ளக்கூட்டு என்று எழுதலாம், பேச்சில் கூட்டுக்களவாணித்தனம் என்றால் இன்னும் பொருந்தும். தோட்டக்காரன் கூட்டு சேராமல் கண்டும் காணாமல் இருந்தால் அதற்கு வேறு சொல், கனைவன்ஸ்.

நம் தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல் ரொட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2006 டிசம்பரில் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் பெரிய ரொட்டிக் கம்பெனிகள் பேசிவைத்து விலையை ஏற்றின, சிறு வியாபாரிகளுக்குத் தரும் தள்ளுபடியையும் குறைத்தன. அந்த வியாபாரிகள்தான் வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் காம்பெட்டிஷன் கமிஷனிடம் போனார்கள். அந்தக் கம்பெனிகளில் ஒன்றான பிரீமியர் ஒப்புக்கொண்டு மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தது; 2007 நவம்பரில் இன்னொரு கம்பெனியான டைகர் பிராண்ட்ஸ் 9.8 கோடி ராண்டுக்கு மேல் அபராதம் கட்டச் சம்மதித்தது. கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி ஊற்றிச் சாப்பிடும் ஊர்க்காரியாக, இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஏழை வாங்குகிற முதல் பொருளே ரொட்டிதானே!

உங்கள் கொட்டேஷன் விஷயத்துக்கு, 1998-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்திலேயே 'கொலூசிவ் டெண்டரிங்', அதாவது பேசிவைத்துக்கொண்டு விலை கொடுப்பது, என்று பெயர் இருக்கிறது. வினையாகச் சொன்னால் கொல்யூட், கூட்டாளியின் பெயருக்கு முன்னால் 'வித்' போடுங்கள்.

தங்கையோடு செய்தது கொலூஷன் இல்லை, அதில் யாரும் ஏமாந்து நஷ்டப்படவில்லையே. அப்புறம் அந்த அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள்: நிரூபிக்கும்வரை 'கொலூஷன் போலத் தெரிகிறது' என்றே பேசட்டும், அந்த மூன்று தாளையும் நகலெடுத்துப் பத்திரமாக வைக்கட்டும்.