தொங்கவிட்ட கோழி ஏன் வழியில் சாகிறது?

கேள்வி: கொக்கட்டிச்சோலைப் பக்கம் எழுபது, எண்பது ஊர்க்கோழி வளர்க்கிறேன். மாதத்துக்கு இரண்டு தரம் பத்துக் கோழியைக் காலில் கட்டி, மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு மகன் மட்டக்களப்புச் சந்தைக்குக் கொண்டுபோவார். வைகாசியில் இருந்து ஒவ்வொரு தரமும் இரண்டு செத்துப்போகுது. நோயா? செத்ததையும் ஒரு வியாபாரி அரை விலைக்கு எடுக்கிறார். "அறுக்கப்போற கோழிதானே" என்கிறார்.

பதில்: அக்கா, வீட்டில் நிற்கும் கோழிகள் நன்றாகத் தீன் தின்று திரிகின்றன, சாவு வழியில் மட்டும்தான் என்றால் நோயைத் தேடாதீர்கள். அந்தத் தொங்கல்தான் காரணம். நமக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்க நடுவில் ஒரு தசை இருக்கிறது. கோழிக்கு அப்படி இல்லை. தலைகீழானதும் குடலும் ஈரலும் சரிந்து நுரையீரலையும் காற்றுப் பைகளையும் அமுக்கும். கோழிக்கு வேர்ப்பதும் இல்லை. வாயைப் பிளந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சூடான கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் அந்த இளைப்பையும் தடுத்தால் எப்படிப் பிழைக்கும்? காலையில் வயிறு நிறையத் தின்றிருந்தால் இன்னும் மோசம். தீன் தொண்டைக்கு ஏறி மூச்சை அடைக்கும்.

ஒருமுறை குருக்கள்மடத்துப் பாதையில், அதாவது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவையில், வாவியைக் கடக்கும்போது பக்கத்தில் ஒரு கட்டுக் கோழி தொங்கியது. கழுத்தை வளைத்து வளைத்துத் தலையை நிமிர்த்தப் பார்த்தன. கரை சேருமுன் அதையும் விட்டுவிட்டன. அறுப்பது ஒரு நொடி, அக்கா. சந்தைக்குப் போகும் வழி முழுக்க அது உயிரோடு இருக்கிறது. வேதனைப்படும்படி பிராணிகளைக் கட்டிக் கொண்டுபோவது 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

காற்றுப் புகும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்று வாங்குங்கள். இல்லாவிட்டால் அகலமான பிரம்புக் கூடை போதும், மேலே வலை கட்டுங்கள். எல்லாக் கோழியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒரே நேரத்தில் குந்த இடம் வேண்டும். இடம் போதாவிட்டால் இரண்டு நடையாகக் கொண்டுபோகட்டும். முதல் நாள் இரவோடு தீனை நிறுத்துங்கள், தண்ணீரை மட்டும் புறப்படும்வரை வையுங்கள். விடியுமுன் இருட்டோடு பிடித்தால் கோழி பதறாது. ஓடவிட்டு இறக்கையில் பிடிக்க வேண்டாம். இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து இரு கையாலும் தூக்குங்கள். தொடையிலும் இறக்கையிலும் இரத்தம் கண்டி நீலம் பாய்வது பெரும்பாலும் தப்பாகப் பிடிக்கும்போதுதான், அதற்கும் விலை குறையும்.

வண்டி ஓடும்போது காற்றுப் படும். ஆபத்து நிற்கும்போதுதான். தேநீர் குடிக்க இறங்கினாலும் கூடையை நிழலில் வைக்கச் சொல்லுங்கள்.

செத்த கோழியை அரை விலைக்கும் கொடுக்காதீர்கள், ஆழமாகப் புதையுங்கள். வீட்டிலும் கோழி குறண்டி நின்று, பச்சையாகக் கழிந்து சாகத் தொடங்கினால் விற்பனையை நிறுத்திவிட்டு அரச கால்நடை வைத்தியரிடம் உடனே காட்டுங்கள்.

வியாபாரி கட்டித்தான் எடுப்பேன் என்றால், கூடையோடு நிறுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த நடையில் வெறுங்கூடையைத் திருப்பி வாங்குங்கள்.