சீசன் டிக்கெட்: விற்று ஈடுகட்டலாம் என்ற கணக்கு ஏன் தப்பும்?

வாசகர் கேள்வி: எங்கள் அணியின் சீசன் டிக்கெட் வாங்க எனக்கும் என் மகளுக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. சொந்த மைதானத்தில் மொத்தம் 20 ஆட்டங்கள். என் வேலையையும் அவளுடைய தேர்வுகளையும் பார்த்தால் 11 ஆட்டங்களுக்குத்தான் போக முடியும். மீதியை மறுவிற்பனைத் தளத்தில் விற்றுவிடலாம், பெரிய ஆட்டங்கள் மூன்றையும் விற்றால் மற்றதெல்லாம் ஏறக்குறைய இலவசம் என்கிறார் அலுவலக நண்பர். அவர் சொல்வதை நம்பி வாங்கலாமா? அல்லது, போகிற ஆட்டத்துக்கு மட்டும் அவ்வப்போது மறுவிற்பனையில் வாங்கிக்கொள்வது நல்லதா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் டிக்கெட் கவுன்டருக்கு உள்ளே 16 ஆண்டுகள் உட்கார்ந்திருந்த எனக்கு, இந்த யோசனையை நம்பிப் பணம் கட்டியவர்கள் சீசன் முடிவில் எந்த முகத்தோடு வந்து நின்றார்கள் என்பது நன்றாகவே நினைவிருக்கிறது.

முதலில் ஒரே ஒரு வகுத்தல் போடுங்கள். சீசன் டிக்கெட்டின் மொத்த விலையை, அதே இருக்கைக்குக் கிளப் தனி ஆட்டமாக விற்கும் விலையால் வகுத்துப் பாருங்கள். தனி ஆட்டத்தின் விலை 100 என்றும், 20 ஆட்டங்களுக்கான சீசன் டிக்கெட் 1,500 என்றும் வைத்துக்கொள்வோம். விடை 15. அந்த 15 ஆட்டங்களுக்கு நீங்களே நேரில் போய் உட்கார்ந்தால்தான் சீசன் டிக்கெட் கட்டுப்படியாகும். இந்தக் கணக்கில் மறுவிற்பனை வருமானத்துக்கு நீங்கள் எழுத வேண்டிய எண் பூஜ்யம். ஏதாவது வந்தால் அது எதிர்பாராமல் கிடைத்த பணம். அதை நம்பிக் கடனோ சேமிப்போ எடுத்து முன்பணம் கட்டக் கூடாது.

ஏன் பூஜ்யம் என்கிறேன்? நீங்கள் போக முடியாத ஆட்டங்கள் எவை என்று யோசித்துப் பாருங்கள். வார நடுவில், இரவு நேரத்தில், பட்டியலின் அடியில் இருக்கும் அணியோடு நடப்பவை. உங்களுக்கு முடியாத அதே நாளில் உங்கள் வரிசையில் உட்காரும் மற்றவர்களுக்கும் முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பனைக்குப் போடுவார்கள். வாங்க ஆளிருக்காது. 100 விலையுள்ள டிக்கெட் 40-க்கு இறங்கும். அதிலும் விற்பவரிடம் தளம் பிடிக்கும் பங்கு உண்டு. 15 சதவீதம் என்று வைத்தால் உங்கள் கைக்கு வருவது 34. ஒன்பதும் விற்காது. ஐந்து விற்றால் அதிர்ஷ்டம். ஆக 170. உங்கள் 1,500-இல் அதைக் கழித்தால் 1,330. நீங்கள் பார்த்த 11 ஆட்டங்களுக்கு அதை வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு 121 விழுகிறது. கவுன்டரில் தனியாக வாங்கியிருந்தால் 100.

நண்பர் சொன்னபடி பெரிய ஆட்டங்கள் மூன்றையும் விற்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாராளமாகவே கணக்கிடுவோம்: ஒவ்வொன்றும் 180-க்குப் போகிறது, தளத்தின் பங்கு போக மூன்றுக்கும் சேர்த்து 459 வருகிறது. அப்போது நீங்கள் மொத்தமாகச் செலவழித்தது 871. பார்த்தது 8 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு 109. இலவசம் எங்கே போயிற்று? அதுமட்டுமல்ல, அந்த மூன்று ஆட்டங்களைப் பார்க்கத்தானே உங்கள் மகள் வருடம் முழுவதும் காத்திருப்பாள்? அவற்றை யாருக்கோ விற்றுவிட்டு, மீதி எட்டையும் அதிக விலை கொடுத்துப் பார்ப்பதற்கு இந்த ஏற்பாடு எதற்கு? நீங்கள் கேட்டிருப்பது இரண்டு இருக்கை. எல்லாவற்றையும் இரட்டித்துக்கொள்ளுங்கள்.

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். போகிற ஆட்டத்துக்கு மட்டும் மறுவிற்பனையில் வாங்கலாம், தவறில்லை. ஆனால் முதலில் கிளப்பின் சொந்தக் கவுன்டரைப் பாருங்கள். சாதாரண ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். அங்கே இல்லையென்றால் கிளப்பே நடத்தும் மறுவிற்பனைத் தளத்தைப் பாருங்கள். மூன்றாம் நபர் தளம் கடைசி.

அங்கே நீங்கள் பார்க்கும் முதல் விலை உண்மை விலை அல்ல. அமெரிக்காவின் அரசுத் தணிக்கை அலுவலகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், மறுவிற்பனைத் தளங்கள் டிக்கெட் விலைக்கு மேல் வசூலித்த கட்டணம் சராசரியாக 31 சதவீதம் என்று கண்டது. முதல் விற்பனையிலேயே சராசரி 27 சதவீதம். கட்டணம் சேர்ந்த முழு விலையையும் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்ற விதி அங்கே நடைமுறைக்கு வர 2025 மே மாதம் ஆயிற்று. ஒரு பொருளின் விலையை முன்னாலேயே சொல் என்று கட்டளையிட ஓர் அரசுக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்கள் நாட்டில் அப்படி விதி இல்லையென்றால், பணம் செலுத்தும் கடைசித் திரைவரை போய், அங்கே தெரியும் தொகையை மட்டுமே ஒப்பிடுங்கள்.

எப்போது வாங்குவது என்பதிலும் பணம் இருக்கிறது. டிக்கெட் அழுகும் பொருள். ஆட்டம் தொடங்கிய பின் அதற்கு மதிப்பே இல்லை. அமெரிக்க பேஸ்பால் டிக்கெட்டுகளின் மறுவிற்பனையை ஆராய்ந்து ஆண்ட்ரூ ஸ்வீட்டிங் என்ற பொருளியலாளர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்ட நாள் நெருங்க நெருங்க விற்பவர்கள் 40 சதவீதமும் அதற்கு மேலும் விலையைக் குறைப்பது தெரியவந்தது. சாதாரண ஆட்டங்களுக்குப் பொறுத்திருந்து வாங்குங்கள். பரம எதிரியோடு நடக்கும் ஆட்டத்துக்கு மட்டும் பொறுத்திருக்காதீர்கள்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். சீசன் டிக்கெட் வாங்கிய சில வாரங்களில் ஒருவர் உங்களைத் தேடி வருவார். சமூக ஊடகத்திலோ, தெரிந்தவர் மூலமாகவோ. "சார், நீங்கள் போகாத ஆட்டங்களை நான் விற்றுத் தருகிறேன், உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை மட்டும் கொடுங்கள், முழுப் பணத்தையும் முன்கூட்டியே தந்துவிடுகிறேன்" என்பார். சில சமயம் உண்மையிலேயே தந்தும்விடுவார். அதுதான் பொறி. கணக்கு உங்கள் பெயரில், பொறுப்பும் உங்கள் பெயரில். அவர் அந்த டிக்கெட்டை மூன்று மடங்குக்கு எதிரணி ரசிகருக்கு விற்று, அந்த ரசிகர் உங்கள் இருக்கையில் உட்கார்ந்து சண்டை போட்டால், கிளப் தேடி வருவது உங்களைத்தான். 22 ஆண்டுகள் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். மனைவிக்கு உடல்நலம் சரியில்லாத ஒரு சீசனில் இப்படி ஒரு தரகரிடம் கணக்கைக் கொடுத்தார். சீசன் முடிந்ததும் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது: புதுப்பிக்க முடியாது. தரகரின் எண் அதற்குள் செயலற்றுப் போயிருந்தது. கவுன்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். இந்தப் பக்கம் இருந்த என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. விதியை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியவனாக நான் இருந்தேன்.

இன்னொன்று, இல்லாத டிக்கெட்டை விற்பது. கையில் எதுவுமே இல்லாமல் "தெற்கு ஸ்டாண்ட், கீழடுக்கு" என்று பொதுவாகப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். பிறகு மலிவாகக் கிடைத்தால் உங்களுக்கு அனுப்புவார்கள், கிடைக்காவிட்டால் ஆட்டத்துக்கு முந்தைய நாள் ரத்து. பணம் திரும்பலாம். நீங்கள் போட்ட ரயிலுக்கும் தங்குமிடத்துக்கும் யார் தருவார்கள்? வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் காட்டாத எந்த விற்பனையையும் தொடாதீர்கள். டிக்கெட்டின் படத்தைச் செய்தியில் அனுப்புகிறேன் என்பவரையும் தொடாதீர்கள். பல மைதானங்களில் செயலியில் தெரியும் குறியீடு சில விநாடிக்கு ஒருமுறை மாறும். படமெடுத்தது வாயிலில் செல்லாது. அதிகாரபூர்வச் செயலி வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றித் தருவது மட்டுமே டிக்கெட். மற்றதெல்லாம் வெறும் படம்.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். இயந்திர நிரல்களை ஏவி டிக்கெட்டுகளை அள்ளுவதை அமெரிக்கா 2016-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் முதல் நடவடிக்கை வந்தது 2021 ஜனவரியில். நான்கு ஆண்டுகள் சட்டம் புத்தகத்தில் இருந்தது, தரகர்கள் கடையில் இருந்தார்கள். இங்கிலாந்தில் இன்னும் கடுமை: 1994-ஆம் ஆண்டின் சட்டப்படி, கால்பந்து டிக்கெட்டைக் கிளப்பின் அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வதே குற்றம். அங்கே உங்கள் நண்பரின் யோசனை நஷ்டக் கணக்கு மட்டுமல்ல, வழக்கு. அயர்லாந்தில் 2021-இல் வந்த சட்டம், பெரிய நிகழ்ச்சிகளுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைத் தடுக்கிறது. ஆகவே விற்கலாமா என்ற கேள்விக்கு உங்கள் நாட்டுச் சட்டமும் உங்கள் கிளப்பின் விதிமுறையும் சேர்ந்துதான் பதில் சொல்லும். இங்கிலாந்தின் முதல் நிலைக் கால்பந்துக் கிளப்புகள் பலவற்றில், போக முடியாத ஆட்டத்தைக் கிளப்பிடமே திருப்பிக் கொடுக்கலாம். அங்கே சொந்த மைதானத்தில் 19 ஆட்டங்கள் என்பதால், விற்றால் சீசன் விலையில் 19-இல் ஒரு பங்கு உங்கள் கணக்கில் சேரும். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. நேர்மையான ஏற்பாடு. ஆனால் அதே நாட்டில் சில கிளப்புகள், குறைந்தபட்ச எண்ணிக்கை ஆட்டங்களுக்கு இருக்கை பயன்படாவிட்டால் புதுப்பிக்கும் உரிமையையே பறிக்கின்றன. நீங்கள் 11-க்குத்தான் போவீர்கள் என்கிறீர்களே, இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் "வாங்குங்கள்" என்று நானே சொல்லும் நிலைமை ஒன்று உண்டு. உங்கள் கிளப்புக்கு உண்மையான காத்திருப்போர் பட்டியல் இருந்தால். உண்மையான என்பதை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் சீசன் டிக்கெட்டுகள் 1960 முதல் முழுவதும் விற்றுத் தீர்ந்தே இருக்கின்றன. பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிற்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வாய்ப்பைக் கைவிட்டால் உங்கள் வாழ்நாளில் திரும்ப வராது. அங்கே நீங்கள் வாங்குவது இந்த வருட ஆட்டங்களை அல்ல, அடுத்த வருடமும் கேட்கும் உரிமையை. இறுதிச் சுற்று ஆட்டங்கள் வந்தால் முதல் அழைப்பு உங்களுக்குத்தான் வரும். அந்த ஆட்டங்களை மறுவிற்பனையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அந்த அழைப்பின் விலை தெரியும்.

ஆனால் இதே ஆசையைத்தான் கிளப்புகள் விலைபேசுகின்றன. பட்டியல் இருக்கிறது என்று வாயால் சொல்வார்கள். உங்கள் எண் எத்தனை, போன வருடம் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பட்டியல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களை அவர்களே தேடி வந்து அழைத்திருந்தாலும் அதே பொருள்தான். அடுத்து, இறுதிச் சுற்றுக்கு முன்னுரிமை என்றால் என்ன? வாங்கும் உரிமையா, அல்லது உங்கள் அட்டையிலிருந்து தானாகவே பணம் எடுக்கும் உரிமையா? அணி தகுதி பெறாவிட்டால் அந்தப் பணம் கைக்கு வருமா, அடுத்த சீசனுக்கு வரவு வைக்கப்படுமா? பிறகு, உரிமை உங்கள் மகளுக்கு மாறுமா, உங்களோடு முடியுமா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் கிடைத்து, நான்கும் உங்களுக்குச் சாதகமாக இருந்தால், 11 ஆட்டம் மட்டுமே பார்த்தாலும் வாங்கலாம். நஷ்டத்தை உரிமையின் விலை என்று எழுதிக்கொள்ளலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

அமெரிக்கக் கால்பந்து அணிகள் சில, சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைக்கே ஒரு தொகை கேட்கும். அதற்குத் தனிநபர் இருக்கை உரிமம் என்று பெயர். அதைக் கட்டினாலும் டிக்கெட்டுக்கு வேறு பணம். சீசன் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி ஆட்டங்களையும் சீசன் டிக்கெட்டுக்குள் சேர்த்து, முழு விலை போட்டு விற்பார்கள். உங்கள் 20-இல் அப்படி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று அட்டவணையை எடுத்து எண்ணிப் பாருங்கள். நான் மேலே சொன்ன வகுத்தலே அதனால் மாறிவிடும்.

உங்கள் நிலைமைக்கு நான் செய்யச் சொல்வது: கிளப்பிடம் பாதி சீசன் கட்டு, அல்லது பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களை நீங்களே தேர்ந்தெடுக்கும் கட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். பல அணிகள் இதை வைத்திருக்கின்றன, ஆனால் முழு சீசன் விற்றுத் தீரும்வரை வாய் திறந்து சொல்வதில்லை. கிடைத்தால், மகளின் தேர்வு அட்டவணை வந்த பிறகே தேதிகளை முடிவு செய்யுங்கள். அவளுக்குச் சிறுவர் விலை உண்டா, எந்த வயதுவரை என்பதையும் அப்போதே கேளுங்கள். பணம் கட்டிய அன்றே கணக்குக்குள் போய்த் தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிடுங்கள். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் கவுன்டரில் இருப்பவரையே அணைக்கச் சொல்லி, அணைத்ததற்கு மின்னஞ்சல் வரும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.