மகளின் அறைக்குத் தவணையில் கட்டில் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். கணவர் அரச திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞர், நான் முன்பள்ளி ஆசிரியை. மகளுக்கு ஆறு வயது. வீட்டின் பின்பக்கம் அவளுக்கென்று 10க்கு 12 அடியில் ஓர் அறை இறக்கியிருக்கிறோம். பூச்சு வேலை முடிந்துவிட்டது, பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. யூடியூப்பில் பார்த்த மாதிரி ரோஸ் நிறத்தில் இளவரசி அறை வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறாள். டவுனில் ஒரு கடையில் அப்படியே ஒரு செட் இருக்கிறது: ஐந்தடி நீளக் கட்டில், சின்ன அலுமாரி, கண்ணாடி மேசை, படிக்கும் மேசை. விலை 285,000 ரூபா. முற்பணம் 45,000 கட்டினால் மிகுதியை மாதம் 13,500 வீதம் 24 மாதத்தில் கட்டலாம், வட்டி 17.5 வீதம்தான் என்கிறார்கள். கையில் 180,000 இருக்கிறது. மாதம் 15,000 கட்டும் 300,000 ரூபா ஏலச் சீட்டு ஒன்றும் ஓடுகிறது, இன்னும் எடுக்கவில்லை. மகளின் வங்கிப் புத்தகத்தில் 85,000 கிடக்கிறது. மாமியார், தேக்கில் கட்டில் செய்தால் தலைமுறைக்கும் நிற்கும் என்கிறார். தெரிந்த தச்சர் தேக்கென்றால் 95,000, மகோகனி என்றால் 70,000 கேட்கிறார், இரண்டும் நாலடி அகலம். அம்மாவின் பழைய தேக்கு அலுமாரி ஒன்று விறாந்தையில் நிற்கிறது, ஒரு கதவு தொங்குகிறது, கண்ணாடியில் புள்ளி விழுந்திருக்கிறது. கணவரோ இப்போது ஒன்றுமே வேண்டாம் என்கிறார். பிந்தினால் விலை ஏறிவிடுமோ என்று எனக்குப் பயம். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த 17.5 வீதத்தைப் பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

முற்பணம் போக நீங்கள் கடன்படுவது 240,000. அதை 24ஆல் பிரித்தால் முதலுக்கு மாதம் 10,000. 240,000க்கு ஆண்டுக்கு 17.5 வீதம் என்றால் மாதம் 3,500 வட்டி. இரண்டையும் கூட்டினால் கடைக்காரர் சொன்ன 13,500 சரியாக வருகிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் மாதாமாதம் நீங்கள் முதலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டியோ கடைசி வரை முழு 240,000க்கும்தான் போடப்படுகிறது. இருபத்துநாலாவது மாதம் உங்கள் தலையில் மிஞ்சியிருப்பது வெறும் 10,000 ரூபா. அதற்கும் அந்த மாதம் 3,500 வட்டி. குறையும் மீதிக்கு வட்டி போடும் வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் இது ஆண்டுக்கு 30 வீதத்தைத் தாண்டிய கடன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். மொத்தத்தில் 285,000 ரூபாச் சாமானுக்கு 369,000 கொடுக்கிறீர்கள். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று ஏதும் ஒட்டியிருந்தால் அது வேறு.

இன்னொன்று. கடைசித் தவணை கட்டும்போது பிள்ளைக்கு எட்டு வயது. ஆறு வயதில் ரோஸ் கேட்டவள் எட்டில் ஊதா கேட்பாள், பத்தில் "இதெல்லாம் சின்னப்பிள்ளைச் சாமான்" என்று சிநேகிதிகளை அறைக்குள் விடவே வெட்கப்படுவாள். ஆசை முடிந்த பிறகும் தவணை ஓடுகிற கடன் வேண்டாம். ஐந்தடிக் கட்டிலில் பதினொரு பன்னிரண்டு வயதில் கால் முட்டும். அதாவது ஆறு வருடத்தில் திரும்பவும் கட்டில் வாங்கப் போகிறீர்கள், அதுவும் பெரும்பாலும் சாமத்தியவீட்டுச் செலவு வரிசையில் நிற்கிற நேரத்தில்.

ஆகவே அந்தச் செட் வேண்டாம். அதற்காக உங்கள் கணவர் சொல்வதுபோல ஒன்றுமே செய்யாமல் விடவும் தேவையில்லை. பிள்ளை வளர வளர மாறாதது எது, மாறுவது எது என்று பிரியுங்கள். மாறாததற்குக் காசை விடுங்கள், மாறுவதற்குக் குறைத்துச் செலவழியுங்கள். கட்டில் மாறாது. சுவருக்குள் ஓடும் வயர் மாறாது. யன்னலுக்கு அடிக்கும் நுளம்பு வலை மாறாது. நிறம், படம், விரிப்பு, திரைச்சீலை எல்லாம் இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை மாறத்தான் போகிறது, மாறட்டும். இளவரசி அந்தப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

கட்டிலை வளர்ந்த ஆளுக்கான அளவில் செய்யுங்கள். நீளம் 6 அடி 3 அங்குலம், அகலம் நாலடி. இந்த அளவுக்கு மெத்தை, விரிப்பு, நுளம்பு வலை எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். கார்ட்டூன் வடிவக் கட்டிலுக்கு எல்லாமே தேடித் திரிய வேண்டும். நாலடி ஏன் என்றால், ஆறு வயதுப் பிள்ளை தனி அறை கேட்கும், தனியாகப் படுக்காது. முதல் இரண்டு வருடமும் அம்மம்மாவோ நீங்களோ பக்கத்தில் படுக்கத்தான் வேண்டியிருக்கும். பிறகு மச்சாள்மார் வந்து தங்குவார்கள். ஏ எல் படிக்கும் காலத்தில் பாதிக் கட்டிலில் புத்தகம் கிடக்கும்.

தேக்கா மகோகனியா? மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கட்டிலுக்கு 25,000 கூடக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நல்லாகக் காய்ந்த மகோகனி வீட்டுக்குள் தாராளமாக நிற்கும். தேக்கின் பெருமை கறையானிலும் ஈரத்திலும்தான் தெரியும், உங்களிடம் ஏற்கெனவே ஒரு தேக்கு இருக்கிறதே, விறாந்தையில்! மாமியாரிடம் அப்படியே சொல்லிப் பாருங்கள்.

அந்த அலுமாரியை இந்த வாரமே குனிந்து பாருங்கள். நாலு கால்களின் அடியிலும் பேனாக்கத்தி முனையால் குத்துங்கள். முனை இறங்காமல் வழுக்கினால் மரம் நல்லாக இருக்கிறது. மெத்தென்று இறங்கினால் அந்தக் காலை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம். பின்பலகைக்குக் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் வண்டு வேலை செய்கிறது, மருந்தடிக்காமல் அறைக்குள் கொண்டுபோக வேண்டாம். கதவு தொங்குவது பெரும்பாலும் பிணைச்சல் துருப்பிடித்துத் திருகாணி பிடிமானம் இழந்ததால்தான். கடல்காற்று வீசும் ஊரில் இரும்புப் பிணைச்சல் போட்டால் அப்படித்தான் ஆகும், பித்தளையில் மாற்றச் சொல்லுங்கள். புள்ளி விழுந்த கண்ணாடியைக் கழற்றிப் புதிது போட்டு, கடதாசி தேய்த்துப் பொலிஷ் அடித்து, உள்ளே இரண்டு இறாக்கையைப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இறக்கினால் போதும். அவள் வளர இறாக்கையை மேலே ஏற்றிக்கொள்ளலாம். செட்டில் வரும் சின்ன அலுமாரியை இதனோடு ஒப்பிடவே முடியாது. அந்த மாதிரிச் செட்டுகள் பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மார்கழி மழையில் அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிட்டால் திரும்பச் சுருங்காது. ஒருமுறை கழற்றிப் பூட்டினால் திருகாணித் துளை தளர்ந்துவிடும். அந்தச் செட் முழு மரம்தானா என்று கடையில் கேட்டிருந்தீர்களா?

படிக்கும் மேசையை இப்போது வாங்கவே வேண்டாம். முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை குசினிக்குப் பக்கத்தில், அம்மாவின் கண் படும் இடத்தில் இருந்துதான் எழுதும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு ஓடத் தொடங்கும்போது வாங்கினால் போதும், அப்போதும் பெரியவர் மேசைதான். 30 அங்குல உயரத்தில் ஒரு மேசையும் காலுக்கு ஒரு சின்னப் பலகையும் இருந்தால் பல்கலைக்கழகம் போகும் வரை அதுவே போதும்.

இப்போதே செய்ய வேண்டியது, பிந்தினால் உண்மையாகவே செலவு கூடுவது, மின்சார வேலை. பெயின்ட் அடிக்காமல் வைத்திருக்கிறீர்களே, நல்ல காலம். மேசை வரப்போகும் சுவரில் இரண்டு பிளக், கட்டில் தலைமாட்டில் ஒரு பிளக், ஒரு சுவிட்ச், மேலே மின்விசிறிக்கு ஒரு கொக்கி. நாலு வருடம் கழித்துச் சுவரை வெட்டினால் வெட்டுக்கூலி, பூச்சு, திரும்பப் பெயின்ட் என்று மூன்று செலவு.

பூச்சு முடிந்து ஒரு மாதமாவது ஆறவிட்டு, சுவர் நல்லாக உலர்ந்த பிறகு பெயின்ட் அடியுங்கள், ஈரச் சுவரில் அடித்தால் உப்புப் பூத்து உரிந்துவிடும். மூன்று சுவருக்கு வெள்ளைக்குக் கிட்டிய நிறம். நாலாவது, கட்டில் தலைமாட்டுச் சுவர், மகளுடையது. என்ன ரோஸ் வேண்டுமோ அவளே தெரிவு செய்யட்டும். பத்தடிச் சுவர், ஒன்பதடி உயரம் என்று வைத்தால் 90 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு இரண்டு லீற்றர் தாராளம். எட்டு வயதில் ஊதா கேட்டாலும் இரண்டு லீற்றரும் கணவரின் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான் செலவு.

சரி, காசுக்கு வருவோம். கையிலுள்ள 180,000இல் மகோகனிக் கட்டிலுக்கு 70,000. மெத்தைக்கு 35,000 வரை ஒதுக்குங்கள், இதில் மலிவு பார்க்க வேண்டாம். மின்வேலை, பெயின்ட், யன்னல் வலை, அலுமாரித் திருத்தம் எல்லாவற்றுக்கும் 45,000. விரிப்பு, திரைச்சீலைக்கு 10,000. அந்தப் பத்தாயிரத்தை மகளின் கையில் கொடுத்து, "இதற்குள் எது வேண்டுமோ எடு" என்று கடைக்குக் கூட்டிப்போங்கள். இளவரசி படம் போட்ட விரிப்பை எடுத்தால் திரைச்சீலைக்குக் காசு போதாமல் போகும், அவளே கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். மிச்சம் 20,000ஐத் தொட வேண்டாம். கூலி நினைத்ததைவிடக் கூடத்தான் வரும், எந்த வீட்டில் வரவில்லை?

கடைக்குக் கட்டத் தயாராக இருந்த 13,500ஐ மாதாமாதம் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே போட்டு வாருங்கள். பன்னிரண்டு மாதத்தில் 162,000. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள்தான், ஆனாலும் 30 வீதக் கடனைத் தவிர்ப்பதுதான் இங்கே உங்களுடைய பெரிய லாபம்.

விலை ஏறிவிடும் என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டதைப் பார்த்த யாருக்கும் அந்தப் பயம் லேசில் போகாது. அன்று கடனில் சாமான் வாங்கிப் போட்டவர்கள் கெட்டிக்காரர்களாகத் தெரிந்தார்கள். ஆனால் 2024 செப்டெம்பர் முதல் 2025 நடுப்பகுதி வரை அதே சுட்டெண் முந்தைய ஆண்டைவிடக் கீழேதான் நின்றது. நாளைக்கு என்ன ஆகும் என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது, ஆனாலும் கட்டில் விலை ஆண்டுக்கு 30 வீதம் ஏறினால்தான் உங்களுக்கு அந்தத் தவணை கட்டுப்படியாகும். அப்படி நினைத்துக் கடன்பட நான் சொல்லமாட்டேன்.

சீட்டை இதற்காகக் கழித்து எடுக்க வேண்டாம். முந்தி எடுக்கிறவர் விடும் கழிவுதான் பிந்தி எடுக்கிறவருக்கு லாபம், இவ்வளவு காலம் பொறுத்துவிட்டு அந்த லாபத்தை ஏன் இன்னொருவருக்குக் கொடுப்பான்? முடிவில் எடுத்து அப்படியே நிலையான வைப்பில் போடுங்கள். ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது, உங்கள் தொகை அதற்குள் அடங்கும். கூட வட்டி தருகிறோம் என்று யாராவது வீட்டுக்கு வந்தால், உரிமம் பெற்ற நிறுவனமா என்று மத்திய வங்கியின் பட்டியலில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். புலமைப்பரிசில் வகுப்புக் காசும் சாமத்தியவீட்டுக் காசும் அந்த வைப்பிலிருந்துதான் வரப்போகிறது. நம் பக்கத்து வழக்கப்படி ஒருநாள் அந்த வீடே மகளுக்குச் சீதனமாகப் போகக்கூடும் என்றால், அறையில் பண்ணும் வயரிங்கும் யன்னலும் வீட்டுக்குச் செய்த செலவாகவே இருக்கட்டும்.

மகளின் புத்தகத்திலுள்ள 85,000ஐ மறந்துவிடுங்கள். சிறுவர் கணக்கில் போட்டதைப் பொதுவாகப் பதினெட்டு வயது வரை எடுக்க விடமாட்டார்கள், விட்டாலும் கட்டிலுக்காக எடுக்கக் கூடாது.

தச்சரிடம் போகும்போது கணவரையும் கூட்டிப்போங்கள். என்ன மரம், நீள அகலம், பொலிஷ் சேர்த்தா சேர்க்காமலா, எந்தத் திகதியில் தருவார் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முற்பணமாக மூன்றிலொரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள், மிகுதியைக் கட்டில் அறைக்குள் வந்து பூட்டிய பிறகு கொடுக்கலாம். மாரி தொடங்கும் முன்னே வேலையைக் கொடுத்துவிடுங்கள், ஐப்பசிக்குப் பிறகு கொடுத்தால் பொலிஷ் காய்வதற்கே நாள் இழுபடும்.