கங்காணி தரும் பாட்டில் வேண்டாம், தங்கச்சி

கேள்வி: சிஸ்டர், என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் புற்றுநோய். மூன்று கீமோ முடிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் ஓயாத வாந்தி. ராத்திரியில் வலி வேறு. நான் வேலைக்குப் போகும் ஏலத்தோட்டத்துக் கங்காணி, 'கஞ்சா எண்ணெய் ரெண்டு சொட்டு நாக்குக்கடியில் விட்டால் கேன்சரே கரைஞ்சிடும், குமுளியில் வாங்கித் தர்றேன்' என்கிறார். வெளிநாட்டில் சட்டமே அனுமதித்துவிட்டதாமே, இங்கே மட்டும் ஏன் தடை?
- ஒரு வாசகி, கம்பம்

பதில்: வாங்காதீர்கள், தங்கச்சி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இடுக்கி மலையில் வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்த்தவள் நான். வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு லயத்து வீட்டில் அப்படியொரு பாட்டிலைப் பார்த்தேன். லேபிள் கிடையாது, வேப்பெண்ணெய் மாதிரி கறுப்பு. இரண்டு சொட்டில் வலி அடங்கவில்லை என்று அந்த வீட்டு அம்மா நோயாளிப் புருஷனுக்கு அரை ஸ்பூன் கொடுத்துவிட்டார். நான் போனபோது அந்த மனிதர் கம்பளியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டியையே அடையாளம் தெரியவில்லை. நாடி படபடவென்று ஓடியது. எத்தனை சொட்டில் எவ்வளவு மருந்து என்று அந்தப் பாட்டிலில் எங்கே எழுதியிருக்கிறது? கேன்சர் கரையும் என்பதற்கும் மனிதர்களிடம் நிரூபணம் இல்லை.

சட்டமும் உங்களைத்தான் பிடிக்கும். 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா எண்ணெயைச் சரஸோடு, அதாவது கஞ்சாப் பிசினோடு, சேர்க்கிறது. குறைந்த தண்டனைக்குரிய 'சிறிய அளவு' என்று சட்டம் சொல்வது கஞ்சாவுக்கு 1 கிலோ, இதற்கு வெறும் 100 கிராம். அதற்குள் இருந்தாலும் ஓராண்டு வரை சிறை உண்டு. செக்போஸ்ட்டில் உங்கள் பையில் அகப்பட்டால் அவருக்குக் கஞ்சி காய்ச்ச யார் இருக்கிறார்கள்?

ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் கீமோ வாந்திக்கு டிரோனாபினால் என்ற மாத்திரை, கஞ்சாவில் இருக்கும் போதைப்பொருளையே செயற்கையாகத் தயாரித்தது, 1985-லேயே வந்துவிட்டது. குழந்தைகளின் கடுமையான சில வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்துக்கு 2018-ல் அனுமதி கொடுத்தார்கள். இரண்டும் அளந்து தருகிற மருந்துகள். நம் சட்டமும் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கதவை முழுக்கச் சாத்தவில்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தபோது இந்தியாவும் ஆதரித்துத்தான் வாக்களித்தது. டாக்டர் சீட்டில், அளவு எழுதி, மருந்துக்கடையில் கிடைக்கும்படி இங்கேயும் வரவேண்டும் என்பதே என் கருத்து.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அதே 1985 சட்டத்துக்குப் பயந்து மருந்துக்கடைகள் மார்ஃபினை வைக்கவே மறுத்தன. வலியில் கத்திக் கத்தியே செத்தவர்கள் எத்தனையோ பேர். கேரளத்தில் வலி நிவாரண சிகிச்சை டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். நோயாளிக்கு மார்ஃபின் சுலபமாகக் கிடைக்கும்படி 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நோயாளிக்காகச் சட்டம் வளைந்து கொடுக்கும். அதற்குள் கள்ள பாட்டில் எதற்கு?

இப்போது உங்கள் வீட்டுக்காரர் விஷயம். வாந்தி வந்த நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து அடுத்த கீமோவுக்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தி மருந்தான ஒண்டன்செட்ரான் மட்டும் போதவில்லை என்றால் ராத்திரிக்கு ஓலன்சபின் என்ற மாத்திரையும் சேர்க்கலாமா என்று கேளுங்கள். பலருக்கு நன்றாகக் கேட்கிறது. வலிக்கு, அந்த ஆஸ்பத்திரியிலேயே வலியையும் வேதனையையும் குறைக்கும் பாலியேட்டிவ் பிரிவு எது என்று விசாரியுங்கள். மார்ஃபின் மாத்திரை கொடுத்தால் பயப்படாமல் வாங்குங்கள். சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவு, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, அப்புறம் மாத்திரையைப் பூட்டி வையுங்கள்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது என்றால் மட்டும் காத்திருக்கவே வேண்டாம். அன்றைக்கே ட்ரிப்ஸ் ஏற்றக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.