டிக்கியில் பெட்டரி: ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுவதற்குக் காரணம்

தம்பி, பெட்டரியை டிக்கிக்கு மாற்றிய பிறகு ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறது, வயர் 16 சதுர மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயர்தான் காரணம். ஐந்து மீட்டர் நீளத்தில் 200 ஆம்பியர் ஓடினால் அதிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 50 போடுங்கள், இழப்பு மூன்றில் ஒரு பங்காகும். மைனஸ் வயரும் அதே தடிப்பு. பெயின்டைச் சுரண்டி வெறும் தகட்டில் இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். உங்கள் கல்லடிக் கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்று சும்மா விடாது.

எனக்குப் பயம் வேறு. பியூஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லையே! பிளஸ் முனையிலிருந்து ஓரடிக்குள் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால், வயர் எங்காவது தகட்டில் உரசினால் தீதான். அதுவரை தயவுசெய்து பெட்டரியைக் கழற்றி வையுங்கள். அப்புறம், தண்ணீர் ஊற்றும் பெட்டரி என்றால் சார்ஜ் ஆகும்போது ஐதரசன் என்ற எளிதில் தீப்பற்றும் வாயு வரும். மூடிய பெட்டிக்குள் வைத்து, அந்த வாயு போகும் குழாயைக் காருக்கு வெளியே விடுங்கள்.